மூன்று சேலை தூரம்

வாளி உருண்ட சத்தம்தான் முஹ்ஸினாவுக்கு முதலில் கேட்டது. தாச்சியில் ரொட்டி கிடந்தது. அதைப் புரட்டிப் போட்டுவிட்டுத்தான் பின்வாசலை எட்டிப் பார்த்தாள். கிணற்றடிக் கல்லில் மாமி ஒருக்களித்துக் கிடந்தார். வெள்ளைச் சேலையின் ஒரு பக்கம் நனைந்து பாசி அப்பியிருந்தது. கண்கள் திறந்திருந்தன.

"ரொட்டி கருகுது புள்ள," என்றார் மாமி.

எழுபத்தெட்டாம் வருஷம் ஜூலை மாதம். பதுளையில் மழை விட்டுக் காற்றுப் பிடித்திருந்த காலம். பஸார் வீதியில் ஜௌபர் ஹாஜியாரின் துணிக்கடை முன்னால். அதன் முதுகில் ஒட்டினாற்போல வீடு. ஹாஜியார் மூன்று நாள் காய்ச்சலில் மௌத்தாகி நாற்பத்தொரு நாள் ஆகியிருந்தது. அவர் மனைவி ஸித்தி ஸுபைதா, முஹ்ஸினாவின் மாமி, புருஷனை இழந்தவர் இருக்கும் இத்தாவில் இருந்தார். நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு இறங்கக் கூடாது. அந்நிய ஆண் கண்ணில் படக் கூடாது. தொழுகைக்குக் கை கால் கழுவி ஒழுச் செய்யக் கிணற்றடிக்குப் போனபோதுதான் விழுந்தார்.

எலும்பு முறியவில்லை. இடது மணிக்கட்டு பணியாரம்போல் வீங்கியது. ஆனாலும் வீடு பதறிப்போனது. மார்ச் மாதம்தான் அவருக்கு மாரடைப்பு வந்திருந்தது.

அன்றைக்கு மாமி மேல்வீட்டில் தைத்துக்கொண்டிருந்தார். சித்திரை வருஷப் பிறப்புக்குத் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் கொடுத்த ஜாக்கெட்டுகள் குவிந்து கிடந்தன. தாடையிலும் இடது தோளிலும் வலித்தது. குளிர்காற்று என்று நினைத்து இஞ்சியும் கொத்தமல்லியும் அவித்துக் குடித்தார். மூன்று ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்து முடித்த பிறகே பதினான்கு படியும் இறங்கி வந்து, எனக்கு என்னவோ செய்யுது என்று சொன்னார். மூன்று கிழமை பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தார். வீட்டுக்கு விடும்போது அங்கிருந்த பெண் டொக்டர், ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கூடுதலாக நடக்க வேண்டும் என்றும் கவனமாக இருக்க வேண்டும் என்றும் சொல்லியிருந்தார். வீட்டில் எல்லாருக்கும் கவனம் என்ற சொல்தான் நினைவில் நின்றது. அதற்குமேல் இத்தாவும் வந்து சேர்ந்தது.

விழுந்த அன்றே மாமியின் மகன், முஹ்ஸினாவின் புருஷன் ஸலீம் தீர்ப்புச் சொல்லிவிட்டான். இனி உம்மா கிணற்றடிக்குப் போகத் தேவையில்லை, தண்ணீர் அறைக்கே வரும், தொழுகை கதிரையில். கூடவே இன்னொன்றும் சொன்னான். இப்போது கொழும்பிலிருந்து துணி கட்டுக் கட்டாக வருகிறது, கீழே வைத்தால் கறையான் பிடிக்கிறது. உம்மாவுக்கு இனிமேல் படி ஏற முடியாது. இத்தா முடிந்ததும் தையல் மெஷினை இறக்கிவிட்டு மேல்வீட்டைச் சரக்கறையாக்கலாம்.

கீழே தைக்க முடியாது என்பது எல்லாருக்கும் தெரியும். பின்னறை பகலிலும் விளக்குக் கேட்கும். அளவு கொடுக்க வரும் பெண்கள் கடை ஆண்களுக்கு நடுவால் வர வேண்டும். மேல்வீட்டில் ஜன்னலோரம், நமுனுகுலை மலை தெரிகிற வெளிச்சத்தில், அந்த மெஷின் இருபத்தெட்டு வருஷமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் வந்து இறங்கும் தோட்டத்துப் பெண்கள் கீழே துணி எடுத்து, மேலே ஏறி, அளவு கொடுத்துவிட்டுப் போவார்கள். பதுளையில் தையற்காரருக்குப் பஞ்சமில்லை. ஆனால் கொழுந்துக் கூடை முதுகில் எந்த இடத்தில் உரசும் என்று மாமிக்குத் தெரியும். அந்த இடத்தில் உட்பக்கமாக இன்னொரு துணி வைத்துத் தைப்பார். கேட்காமலே தைப்பார்.

மாமியின் தங்கை ஸுலைஹா அந்த வீட்டிலேயே இருந்தார். முப்பத்தொரு வயதில் விதவையானவர். அக்காவை ராத்தா என்று மரியாதையாக அழைப்பார். அழைத்துவிட்டு மரியாதையாகவே குத்துவார்.

"நான் இத்தா ஈக்கக்குள்ள ஜன்னலக்கூடத் தொறக்கல்ல ராத்தா. நீங்க என்னண்டா கிணத்தடியில குப்புற விழுறீங்க."

"குப்புற இல்ல. ஒருக்களிச்சு," என்றார் மாமி.

பத்து நாள் கழித்து முஹ்ஸினா கஞ்சி கொண்டுபோனபோது, மாமி கட்டில் விளிம்பில் உட்கார்ந்து தன் காலை அளந்துகொண்டிருந்தார். கழுத்தில் எப்போதும் தொங்கும் அளவுநாடா கெண்டைக்காலைச் சுற்றியிருந்தது. பக்கத்தில் ஒரு துணிப்பட்டி கிடந்தது. நரம்பு சுருண்டிருந்ததற்காக இரண்டு வருஷத்துக்கு முன் அவரே அளந்து தைத்துப் போட்டுக்கொண்டது.

"இது கழண்டு கழண்டு விழுது புள்ள. அப்ப பன்னெண்டர அங்குலம். இப்ப பதினொண்டே கால். மத்தக் காலும் அப்பிடித்தான்."

முஹ்ஸினா நாடாவைப் பார்த்தாள். பண்டாரவளையில் உயர்தரம்வரை விஞ்ஞானம் படித்தவள். பாவிக்காத தசை வற்றும் என்று படித்திருந்தாள். ஒரு மனிதர் அதைத் தன் காலிலேயே அளந்து காட்டுவார் என்று நினைத்ததில்லை.

"ஆள் மெலிஞ்சா உடுப்பப் புடிச்சுத் தைக்கலாம்," என்றார் மாமி. "கால் மெலிஞ்சா என்னத்தப் புடிக்கிற? டொக்டரிட்டக் கேட்டுட்டு வா. நான் வர ஏலாதுதானே. அளவ எழுதிக்கொண்டு போ."

ஸலீமிடம் மருந்து எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு முஹ்ஸினா ஆஸ்பத்திரி அட்டையோடு வரிசையில் நின்றாள். யாரோடும் எளிதில் பேசாதவள் அவள். சொல்ல வேண்டியதை வரிசையிலேயே நாலைந்து தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். அந்தப் பெண் டொக்டர் சிங்களமும் தமிழும் கலந்து பேசினார். விழுமுன் மயக்கம் வந்ததா, நெஞ்சு வலித்ததா என்று கேட்டார். இல்லை, கால்தான் சொன்னபடி கேட்கவில்லையாம் என்றாள் முஹ்ஸினா. எழுதிக்கொண்டு போன இரண்டு அளவையும் நீட்டினாள். டொக்டர் அந்தக் கடதாசித் துண்டை வாங்கிச் சற்று நேரம் பார்த்தார். யார் அளந்தது என்று கேட்டார். பிறகு, இதயத்தைக் காப்பாற்றுவதாக நினைத்து அவரை இருத்தி வைத்திருக்கிறீர்கள், அப்படி இருந்து இருந்துதான் விழுந்திருக்கிறார் என்றார். இன்னும் இருத்தினால் இன்னும் விழுவார். படுக்கையிலிருந்து எழுந்ததும் ஒரு நிமிஷம் உட்கார வேண்டும். மருந்து தலை சுற்ற வைக்கும். கையூன்றாமல் கதிரையிலிருந்து எழுந்து எழுந்து உட்கார வேண்டும். நடக்க வேண்டும், நடக்கும்போது பேச முடிய வேண்டும், பேச முடியாவிட்டால் அது வேகம் கூட. நெஞ்சு இறுகினால் நின்று, நாக்குக்கு அடியில் குளிசை வைக்க வேண்டும். வழுக்கும் இடத்தைத் தேய்த்துவிடுங்கள், பிடிக்க ஏதாவது கட்டுங்கள். வேறு யாராவது இந்த அளவை எடுத்து அனுப்பியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன் என்றும் சொன்னார்.

ஸலீமுக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் டொக்டர் சொன்னதை மறுக்கவும் தயக்கம். இத்தாவில் நடக்கலாமா என்று பள்ளிவாசல் லெப்பையிடம் போய்க் கேட்டான். வீடு முழுக்க வீடுதான், கிணற்றடியும் வீடுதான், அந்நியர் பார்வை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவர் சொல்லி அனுப்பினார். ஸுலைஹா சாச்சிக்கு அதில் முழுத் திருப்தி இல்லை. மௌத்தான வீட்டில் ரேஸ் ஓடப் போகிறார்கள் என்றார்.

பார்வை படுவதுதான் சிக்கல். அறையிலிருந்து கிணற்றடிக்குப் போகும் நீள நடை கடையின் பின்கதவைத் தாண்டித்தான் போகும். கடைப் பொடியன்மார் எந்நேரமும் சரக்கெடுக்க வருவார்கள். மாமி கடையில் விற்காமல் கிடந்த தடித்த துண்டுத்துணிகளைக் கேட்டு வாங்கினார். வீங்கிய கையை மடியில் வைத்துக்கொண்டு வலது கையால், நாலு நாளில், ஏழு முழத்துக்கு ஒரு திரைச்சீலை தைத்தார். முஹ்ஸினா அதைக் கதவின் முன்னால் தொங்கவிட்டாள். செங்கல் தூளும் தேங்காய்ப் பொச்சும் கொண்டு கிணற்றடிப் பாசியை இரண்டு நாள் தேய்த்தாள். சுவரோரமாக இடுப்புயரத்தில் ஒரு கயிறு கட்டினாள்.

எவ்வளவு தூரம் என்று மாமிக்குத் தெரிய வேண்டியிருந்தது. கஜக்கோல் கடையில் இருந்தது. மாமி பெட்டியிலிருந்து ஒரு நைலக்ஸ் சேலையை எடுத்தார். ஒரு தலைப்பை அவர் பிடிக்க, மறு தலைப்பை முஹ்ஸினா இழுத்துக்கொண்டு போனாள். அறை வாசலிலிருந்து கிணற்றடிக் கல்வரைக்கும் சரியாக மூன்று சேலை நீளம்.

"போக மூணு சாரி, வர மூணு சாரி," என்றார் மாமி. "இன்டைக்கு ஆறு போதும்."

முதல் நாள் அந்த ஆறும் சுலபமாக முடியவில்லை. சமையலறை வாசற்படியில் கால் தூக்கப் பயந்து, கரண்டைவரை தண்ணீர் ஓடுகிற ஓடையைத் தாண்டுகிறவரைப்போல நின்றார். முஹ்ஸினா பக்கத்தில் நடந்தாள். கையைப் பிடிக்கவில்லை. பிடித்தால் மாமி கையைத் தட்டிவிடுவார். திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்ததும், தஸ்பஹ் மாலையில் ஒரே ஒரு மணியைத் தள்ளினார். போய்வர ஒரு மணி என்று கணக்கு.

அடுத்த வீடு வடிவம்மாவுடையது. அவர்களுக்கு அலுமினியப் பாத்திரக் கடை. திருச்சிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். கிணற்றடிச் சுவர் நெஞ்சளவுதான். வடிவம்மா அந்தப் பக்கம் ஒரு பெட்டியைப் போட்டு உட்கார்ந்து, வாயில் எதையாவது அரைத்துக்கொண்டு, இந்தப் பக்கத்து நடையை எண்ணத் தொடங்கினார்.

"இன்னிக்கி எத்தன சேலைக்கா?"

"இருவத்தினாலு."

"எங்க பெரியவ கல்யாணத்துக்கே அத்தன எடுக்கலியே."

"நீயும் எழும்பி நட வடிவு. முழங்கால் வலி எண்டு பொலம்புறாய்தானே."

"நான் எண்ணுறேன்ல. அதுவும் வேலதான்."

மாமி நடந்துகொண்டே பேசினார். டொக்டர் சொன்ன சோதனை அது. பேச்சு நின்றால் கால் நிற்கும். பேச்சு என்றும் நின்றதில்லை. இரண்டு வீட்டு மீன்குழம்பும் சாம்பாரும், பாத்திரக் கடையின் மூத்த மருமகனும், ஹாஜியாரின் கடைசி மூன்று நாளும் அந்த நடையிலேயே பேசப்பட்டன. ஹாஜியாரைப் பற்றிப் பேசும்போது மாமியின் நடை மெதுவாகும். அப்போது வடிவம்மா அரைப்பதை நிறுத்திக்கொள்வார்.

ஆகஸ்டில் நோன்பு வந்தது. மருந்துக்காக மாமி நோன்பு பிடிக்கக் கூடாது என்றார்கள். அதற்கு ஈடாக ஏழைகளுக்குச் சாப்பாடு கொடுத்தார். நோன்பில்லாவிட்டாலும் இரவு இஷாவுக்குப் பிறகு தராவீஹ் தொழுகைக்கு ஸுலைஹா சாச்சியோடு நின்றார். இருபது ரக்அத். முதல் நாள் இருபதும் கதிரையில். மூன்றாம் நாள் இரண்டை நின்று தொழுதார். நெற்றி நிலம் தொடும் சுஜூதிலிருந்து எழும்பும்போது சாச்சி தோளைக் கொடுத்துத் தூக்கிவிட்டார். பத்தாம் நாள் கதிரை விளிம்பை மட்டும் பிடித்தார். சாச்சி இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமலிருந்ததே முஹ்ஸினாவுக்குப் புதிதாக இருந்தது.

பெருநாள் முடிந்து இரண்டு கிழமையில் மழை இறங்கியது. ஒரு நாள் பகல் சோறு தின்ற கையோடு மாமி நடக்க எழுந்தார். பின்னேரம் மழை வரும், அதற்கு முன் நூற்றிருபதை முடித்துவிடலாம் என்றார். ஒன்பதாவது தஸ்பஹ் மணிக்கான நடையில், இரண்டாம் சேலைக்கும் மூன்றாவதற்கும் நடுவில், பேச்சு நின்றது. மாமி கயிற்றைப் பிடித்தபடி, நடு நெஞ்சில் உள்ளங்கையை வைத்தார்.

முஹ்ஸினா அவரை வாசற்படியில் உட்கார வைத்தாள். குளிசையை நாக்குக்கு அடியில் வைத்தாள். மணிக்கட்டைப் பிடித்துச் சுவர் மணிக்கூட்டைப் பார்த்து எண்ணினாள். நூற்றுப் பன்னிரண்டு. மழை ஓட்டில் விழத் தொடங்கியது. நூற்று நாலு. வடிவம்மா சுவருக்கு அப்பாலிருந்து என்னக்கா, என்னக்கா என்றார். தொண்ணூறு. மாமியின் நெற்றி வேர்வை காய்ந்தது. எண்பத்தி நாலு.

"போய்ட்டு," என்றார் மாமி. வலியைச் சொன்னார். "ஸலீமிட்டச் சொல்ல வாணாம்."

முஹ்ஸினா அவர் கையை விடவில்லை. "சொல்லாம ஈக்க எனக்கு ஏலா மாமி. டொக்டரிட்டயும் சொல்லணும்."

மாமி அவளைப் பார்த்தார். கோபித்துக்கொள்வார் என்று முஹ்ஸினா நினைத்தாள். "அப்ப சரி," என்றார். "ஒன்பதாம் தஸ்பஹ் மணியில எண்டும் சொல்லு. கொறைச்சுச் சொல்லாத."

டொக்டர், வயிறு நிறைந்த கையோடு நடந்ததுதான் பிழை என்றார். சாப்பிட்டால் ஒன்றரை மணி நேரம் பொறுக்க வேண்டும். ஒரு கிழமை பாதியாக்கி, பிறகு கூட்டலாம். மற்றதை நெஞ்சைச் சோதித்துத்தான் சொல்வேன், இத்தா முடிந்த அடுத்த நாளே கூட்டி வா என்றும் சொல்லியனுப்பினார்.

ஸலீம் அன்றிரவு சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து கை கழுவாமல் இருந்தான். நடை போதும் என்றான். ஞாயிற்றுக்கிழமை மெஷினை இறக்கப் போகிறேன் என்றான். வாப்பாவை அடக்கி நாலு மாதம் ஆகவில்லை என்றான். அதைச் சொல்லும்போது குரல் உடைந்தது. அவனுக்கு இருப்பது பயம்தான் என்று முஹ்ஸினாவுக்கு அப்போதுதான் விளங்கியது.

அவள் புருஷனிடம் அதுவரை அவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. ஜூலையில் மாமி ஐந்து நிமிஷம் நிற்க முடியாமல் விழுந்தார், இப்போது முக்கால் மணி நேரம் நடக்கிறார், நெஞ்சு சொன்னதும் தானே நின்றார், நிற்கத் தெரிந்தவர் விழமாட்டார் என்றாள். பதில் வந்தது ஸுலைஹா சாச்சியிடமிருந்து.

"நோன்பு இருவத்தேழாம் ராவு ராத்தா கையூன்றாம சுஜூதுல ஈந்து எழும்பின. எட்டு ரக்அத். நான் பக்கத்துல நிண்டு பார்த்தன்." சாச்சி கறிச்சட்டியை மூடினார். "எனக்கு அது ஏலா. நான் அவவுக்கு ஆறு வயசு எளமை."

ஸலீம் கடைசியில் ஒரு நிபந்தனை போட்டான். இத்தா முடிகிற நாளில் தன் கண்ணுக்கு முன்னால் உம்மா மேலே ஏற வேண்டும். ஏறாவிட்டால் அன்றைக்கே மெஷின் கீழே.

படி ஏறிப் பழக வழியில்லை. மேல்வீட்டுப் படி கடைக்குள்ளிருந்துதான் போகும். ஆகவே மாமி சமையலறை வாசற்படியில் ஏறினார், இறங்கினார். ஒற்றைப் படி. வலது கால் ஐந்து, இடது கால் ஐந்து. தேத்தண்ணி கொதிக்கும்வரை ஏறினார். முஹ்ஸினா வெங்காயம் உரிக்கும்வரை ஏறினார். அந்த ஒரு படியில் அவர் நமுனுகுலை உச்சிக்கே போயிருப்பார் என்று வடிவம்மா சொன்னார். ஆனால் எண்ணிக்கையில் பிழை விடத் தொடங்கினார். எட்டிப் பார்த்தால் அவரும் தன் வீட்டு வாசற்படியில் முனகிக்கொண்டே ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்.

அக்டோபர் முதல் கிழமை இத்தா முடிந்தது. அதற்கு முதல் நாள் அந்தி மஃரிபுக்குப் பிறகு கடைக்குள் ஆணி அடிக்கும் சத்தம் கேட்டது. ஸலீம் சரக்கு வைக்கத் தட்டு அடிக்கிறான் என்று முஹ்ஸினா நினைத்தாள். மாமியும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். அன்று சோறு பாதியில் வைத்தார்.

காலையில் மாமி குளித்து, தொழுது, நீலக்கரை போட்ட சேலை உடுத்தார். வந்த சொந்தக்காரப் பெண்களுக்குக் கஞ்சியும் ரொட்டியும் கொடுத்தாயிற்று. ஒன்றரை மணி நேரம் பொறுத்தார். பிறகு கெண்டைக்காலில் அந்தப் பட்டியைக் கட்டி, திரைச்சீலையை விலக்கிக் கடைக்குள் வந்தார். நான்கு மாதமும் பத்து நாளும் கழித்து.

படிக்கட்டின் சுவரோரம், கீழிருந்து மேல்வரை, ஒரு பிடிகட்டை ஓடியது. துணிச்சுருளின் நடுவே இருக்கும் உருண்டைக் கட்டைகளை நுனியோடு நுனி சேர்த்து அடித்திருந்தது. முடிச்சும் சிலாம்பும் இல்லாமல் இழைத்தும் இருந்தது. ஸலீம் கணக்குப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதைத் தலைகீழாகப் பிடித்திருந்தான்.

மாமி கட்டையில் கை வைத்தார். முஹ்ஸினா முன்னால் ஏறினாள். சாச்சி பின்னால், இரண்டு கையையும் விரித்து, விழும் பலாப்பழத்தைப் பிடிக்க நிற்பவர்போல வந்தார். ஒன்று. இரண்டு. ஐந்தாம் படியில் மாமி திரும்பி உட்கார்ந்துவிட்டார்.

ஸலீம் எழுந்து வந்தான். "உம்மா, போதும். எறங்குங்க."

"நான் இளைப்பாறுறன் மகன். நீ யாவாரத்தப் பாரு."

ஒரு நிமிஷம். எழுந்தார். கையூன்றவில்லை. பத்தாம் படியில் மறுபடி உட்கார்ந்தார். அங்கே உட்கார்ந்து சாச்சியிடம் கஞ்சிக்கு உப்புப் போதவில்லை என்று சொன்னார். பேச்சு நிற்கவில்லை. பதினொன்று. பன்னிரண்டு. பதிமூன்றில் சாச்சியின் வாய் ஓதியது. பதினான்காம் படியில் மாமி நின்று, ஜன்னல் பக்கம் பார்த்தார். மலை மேகத்துக்குள் இருந்தது. மெஷின் போர்வைக்குள் இருந்தது.

முஹ்ஸினா மணிக்கட்டைப் பிடித்து எண்ணினாள். தொண்ணூற்றாறு. மாமி அது இறங்கும்வரை ஸ்டூலில் பொறுமையாக உட்கார்ந்திருந்தார். எண்பது என்று முஹ்ஸினா சொன்னதும் போர்வையை நீக்கினார்.

முஹ்ஸினா எண்ணெய் எடுக்கக் கீழே வரும்போது, கடை வாசலில் ஒரு தோட்டத்துப் பெண் நின்றாள். ரெங்கம்மா. ஹாலிஎலப் பக்கம் இருந்து வருஷா வருஷம் வருபவள். தீபாவளிக்குத் துணியெடுக்க வந்திருந்தாள். முதலாளி போன சேதி கேள்விப்பட்டதாக மெதுவாகச் சொன்னாள். பிறகு, "அம்மாவுக்கும் சொகமில்லன்னாங்க. இனிமே தைக்க மாட்டாங்கன்னு சொல்றாங்களே, நெசங்களா?" என்று கேட்டாள்.

ஸலீம் வாய் திறந்தான். தலைக்கு மேலே மெஷின் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. எண்ணெய் இல்லாத கிரீச் சத்தம். பிறகு இன்னொரு சுற்று. பிறகு நிற்காமல் ஓடியது. அவன் கையிலிருந்த துணிக் கத்தரிக்கோலைக் கீழே வைத்தான்.

"மேலதான் ஈக்கிறா," என்றான். "போங்க. அந்தக் கட்டையப் புடிச்சு ஏறுங்க."

ரெங்கம்மா சிரித்தாள். "நாள் முழுக்க மல ஏறுறவளுக்குக் கட்ட எதுக்குங்க முதலாளி?"

"புடிங்க," என்றான் ஸலீம். "எங்கட உம்மாவே புடிச்சித்தான் ஏறின."

ரெங்கம்மா சிரிப்பை நிறுத்திக் கட்டையைப் பிடித்தாள். முஹ்ஸினா எண்ணெய்க் குப்பியோடு அவள் பின்னால் ஏறினாள். மேலே மெஷின் ஓய்ந்தது. அளவுநாடாவை உதறும் சத்தம் கேட்டது.